மாடு ஏற்றினாலும் குதிரை ஏற்றினாலும்: வழியில் வண்டியை நிறுத்தினால் உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும்?



அரியூரிலிருந்து மதகடிப்பட்டு மாட்டுச்சந்தைக்குப் போகும் சாலையை நீங்கள் நன்றாக அறிவீர்கள். அரியூர் புதுச்சேரி, அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு, திருவண்டார்கோயிலும் திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி புதுச்சேரி. செவ்வாய்க்கிழமை சந்தைக்கு ஒரு கறவை மாட்டை ஏற்றிச் சென்று திரும்பினாலே மாநில எல்லையை நான்கு முறை தாண்டிவிடுகிறோம். நமக்கு அது ஒரே சாலை. சோதனை செய்யும் அலுவலருக்கும் வழக்கை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கும் அது இரண்டு மாநிலம்.

குதிரை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நீண்ட பயணம். ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாவும் அதையொட்டிக் குதிரைச் சந்தையும் நடக்கும். திருமண ஊர்வலத்துக்கும் சாரட்டு வண்டிக்கும் குதிரை வாங்க நம் பக்கத்திலிருந்தும் அங்கே போகிறார்கள். வாங்கிய குதிரையை வீடு கொண்டுவந்து சேர்க்க ஏறக்குறைய 280 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும்.

கால்நடை ஏற்றிய வண்டி நிறுத்தப்பட்டது, கால்நடைகள் கோசாலைக்கு அனுப்பப்பட்டன என்ற செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். அப்படிப் பிடிபடுகிறவர்கள் எல்லோரும் கடத்தல்காரர்கள் இல்லை. பாலுக்காக ஒரு மாட்டை வாங்கி வாடகை வண்டியில் ஏற்றியவரும் அதில் உண்டு. சட்டம் என்ன கேட்கிறது, அதில் எது நியாயம், எது நம் ஊருக்குப் பொருந்தாமல் நிற்கிறது, அதுவரை நாம் எப்படித் தப்பிப் பிழைப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

அபராதம் 50 ரூபாய், இழப்பு ஒரு மாடு

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. தேவையற்ற வலியோ துன்பமோ உண்டாகும்படி ஒரு விலங்கை ஏற்றிச் செல்வது அதன் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-ல் போட்ட தொகை இன்றும் அப்படியே சட்டத்தில் இருக்கிறது. அதை உயர்த்தும் வரைவுத் திருத்தத்தை மத்திய அரசு 2022 நவம்பரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது.

“ஐம்பது ரூபாய்தானே, கட்டிவிட்டுப் போகலாம்” என்று தரகர்கள் சொல்வது இதை வைத்துத்தான். அதை நம்பாதீர்கள். உண்மையான இழப்பு அபராதத்தில் இல்லை, பறிமுதலில் இருக்கிறது. 2017-ல் வந்த வழக்குச் சொத்து விலங்குகள் பராமரிப்பு விதிகளின்படி, வழக்கு முடியும்வரை மாட்டைக் கோசாலையிலோ விலங்கு நல அமைப்பிடமோ ஒப்படைக்க நீதிபதி உத்தரவிடலாம். அங்கே ஆகும் தீவனச் செலவும் வைத்தியச் செலவும் உரிமையாளர், ஏற்றிச் சென்றவர் ஆகியோரின் பொறுப்பு. அந்தச் செலவுக்குப் பிணையாக வண்டியையும் நிறுத்தி வைக்கலாம்.

ஒரு கணக்குக்காக, ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு 18,000 ரூபாய். அந்த மூன்று மாதப் பால் போச்சு. மாடு வாங்கக் கூட்டுறவு வங்கியிலோ குழுவிலோ வாங்கிய கடனுக்குத் தவணை நிற்காது. வாடகை வண்டி நின்றால் வண்டிக்காரரும் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார். நேரத்துக்குக் கறக்காத மாட்டுக்கு மடிநோய் வந்தால், வழக்கில் வென்றாலும் திரும்பி வருவது பழைய மாடாக இருக்காது.

இந்த 2017 விதிகள் பற்றி உச்ச நீதிமன்றமே கேள்வி எழுப்பியிருக்கிறது. தாய்ச்சட்டத்தின் 29-ஆம் பிரிவு, உரிமையாளர் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகுதான் விலங்கின் உரிமையை அவரிடமிருந்து எடுக்க இடம் தருகிறது. விதிகளோ அதற்கு முன்பே எடுத்துவிடுகின்றன. 2021 ஜனவரியில் எருமை வணிகர்கள் தொடுத்த வழக்கில், விதிகளைத் திருத்துங்கள் அல்லது திரும்பப் பெறுங்கள், இல்லையென்றால் தடை விதிப்போம் என்று தலைமை நீதிபதி போப்டே அமர்வு மத்திய அரசிடம் சொன்னது. ஆனால் சாலையில் வண்டி நிற்கும் நேரத்தில் இந்த வாதம் கைகொடுக்காது. அங்கே கைகொடுப்பது உங்கள் காகிதமும், வண்டியில் நிற்கும் மாட்டின் நிலையும்தான்.

எந்த விதிக்குத் தடை, எதற்குத் தடை இல்லை?

இதில் நம் விவசாயிகளிடம் பெரிய குழப்பம் இருக்கிறது. 2017 மே 23-ல் கால்நடைச் சந்தை ஒழுங்குமுறை விதிகள் வந்தன. சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்கக் கூடாது என்று சொன்ன விதிகள் அவைதாம். மே 30-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11-ல் அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. “மாட்டு விதிக்கெல்லாம் தடை வந்துவிட்டது” என்று பலர் சொல்வது இதைக் கேட்டுத்தான்.

அந்தத் தடை சந்தை விதிகளுக்கு மட்டும். ஏற்றிச் செல்வது பற்றிய விதிகள் வேறு. அவை மூன்று:

1. விலங்குகளை ஏற்றிச் செல்லும் விதிகள், 1978 (2001-ல் திருத்தப்பட்டவை).
2. விலங்குகளை நடத்தி ஓட்டிச் செல்லும் விதிகள், 2001.
3. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125-ஈ. 2015-ல் சேர்க்கப்பட்டு 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

வண்டியை நிறுத்தினால் உங்களிடம் கேட்பது இந்த மூன்றின்படிதான்.

எத்தனை ஏற்றலாம்? அடிக்கோலை எடுத்து அளந்து பாருங்கள்

1978 விதியின்படி ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. குதிரை, கோவேறு கழுதை, கழுதை என்றால் நான்கு முதல் ஆறு. ஐந்து டன் அளவுள்ள லாரியில் செம்மறி ஆடோ வெள்ளாடோ 40-க்கு மேல் கூடாது.

ஆறு என்றால் எந்த வண்டியிலும் ஆறு என்று பொருள் இல்லை. ஒவ்வொரு விலங்குக்கும் இவ்வளவு இடம் வேண்டும் என்று 125-ஈ விதி சொல்கிறது. சதுர அடியில் சொன்னால்:

• பசு, எருமை: 2 சதுர மீட்டர் (சுமார் 21.5 சதுர அடி)
• குதிரை: 2.25 சதுர மீட்டர் (சுமார் 24 சதுர அடி)
• ஆடு: 0.3 சதுர மீட்டர் (3 சதுர அடிக்குச் சற்று மேல்)
• பன்றி: 0.6 சதுர மீட்டர் (சுமார் 6.5 சதுர அடி)

இப்போது நம் ஊர் வண்டிகளுக்குக் கணக்குப் போடுவோம். ‘குட்டியானை’ என்று நாம் சொல்லும் சின்ன வண்டியின் தளம் ஏறக்குறைய 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைவான அகலம். மொத்தம் 35 சதுர அடிக்குள். அதில் ஒரு மாடுதான் சட்டப்படி போகலாம். இரண்டு மாட்டுக்கு 43 சதுர அடி வேண்டும். “கூட ஒரு கிடேரியைப் போட்டுக்கொள்ளலாம்” என்று நினைக்கும் இடத்தில்தான் வழக்கு தொடங்குகிறது. ஆடு என்றால் அதே வண்டியில் பத்து.

9 அடிக்கு ஐந்தரை அடி தளமுள்ள பிக்கப் என்றால் 49.5 சதுர அடி. இரண்டு மாடு, அல்லது இரண்டு குதிரை. 17 அடிக்கு 7 அடி லாரி என்றால் 119 சதுர அடி. ஐந்து மாடு, அல்லது நான்கு குதிரை. ஆறாவது மாட்டுக்கு அதில் இடம் இல்லை.

இதே 125-ஈ விதி இன்னும் இரண்டு கேட்கிறது. ஒவ்வொரு விலங்கும் தனித்தனியாக நிற்கும்படி நிலையான தடுப்பு வேண்டும். அப்படி மாற்றியமைத்த வண்டிக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சிறப்பு உரிமம் வாங்க வேண்டும். நம் கிராமங்களில் காலையில் காய்கறி, மதியம் சிமெண்ட், மாலையில் மாடு என்று ஓடும் வண்டிகளில் இது இருப்பது அரிது. ஆகவே வாடகை பேசும்போதே, “கால்நடை ஏற்ற உரிமம் இருக்கிறதா?” என்று கேளுங்கள். இரண்டு மூன்று கிராமங்களில் பால் கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் குழுவோ சேர்ந்து ஒரே ஒரு வண்டிக்குத் தடுப்பும் உரிமமும் செய்து வைத்தால் எல்லோருக்கும் அது உதவும்.

மாட்டுக்கு ஒரு முறை, குதிரைக்கு ஒரு முறை

இரண்டுக்கும் பொதுவானவை: தளம் வழுக்காமல் தென்னைநார்ப் பாயோ மரப்பலகையோ போட வேண்டும். பக்கப் பலகை தாழ்வாக இருந்தால் உயர்த்த வேண்டும். ஏற்றும் முன் தீனியும் தண்ணீரும் காட்ட வேண்டும். வழிக்குத் தேவையான தீவனம், தண்ணீர், முதலுதவிப் பெட்டி வண்டியில் இருக்க வேண்டும். கூடவே ஓர் ஆள் வர வேண்டும். வேறு சரக்கை அதே தளத்தில் ஏற்றக் கூடாது. அனுப்புபவர், பெறுபவர் பெயர், முகவரி, தொலைபேசி எண், எத்தனை விலங்கு, எவ்வளவு தீவனம் ஆகியவற்றைச் சிவப்பு எழுத்தில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். ஓர் அட்டையில் எழுதிக் கட்டினால் போதும். செலவில்லாத இந்த வேலையைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. அலுவலரின் கண்ணில் முதலில் படுவதும் அந்த அட்டைதான்.

மாடு என்றால் முகம் முன்பக்கம், அதாவது எஞ்சினைப் பார்த்து நிற்பது நல்லது. நிறைசினைப் பசுவைக் கன்றுகளோடு கலந்து ஏற்றக் கூடாது. மூக்கணாங்கயிற்றை வண்டிப் பலகையில் கட்டாதீர்கள். பிரேக் போட்டால் மூக்கு கிழியும். தலைக்கயிற்றில் கட்டுங்கள். காலைக் கட்டிப் படுக்க வைத்து ஏற்றினால் அதைப் பார்த்த மாத்திரத்தில் வதை என்று எழுதிவிடுவார்கள், அது சரியும்கூட. கறவை மாட்டை ஏற்றும் முன் கறந்துவிடுங்கள்.

குதிரை என்றால் விதி வேறு. எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாமல் இருக்க அதன் தலை இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் இடையே 8 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையாத மூங்கில் கட்ட வேண்டும். பின்பக்கம் விழாமல் இரண்டு வலுவான கட்டைகள் வேண்டும். குட்டியையும் சினைக் குதிரையையும் மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது. குதிரையையும் கழுதையையும் ஒரே அறையில் நிறுத்தக் கூடாது.

முக்கியமாக, குதிரை ஏற்றிய வண்டி மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்தியூரிலிருந்து அரியூருக்கு 280 கிலோமீட்டர் என்றால் நிற்காமல் ஓடினாலே எட்டு மணி நேரம். நடுவே இரண்டு மூன்று முறை நிறுத்தித் தண்ணீர் காட்டினால் பத்து மணி நேரம் ஆகும். “இரவு பத்து மணிக்கு ஏற்றி விடியலுக்குள் இறக்கிவிடலாம்” என்று ஓட்டுநர் சொன்னால், அவர் எந்த வேகத்தைக் கணக்கில் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். நான்குவழிச் சாலையில் 35-ல் போவது சிரமம்தான். இடது ஓரத்தில், பின்விளக்கும் ஒளிர்பட்டையும் சரியாக வைத்துப் போகச் சொல்லுங்கள்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

1. மருத்துவச் சான்று. தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் பார்த்து, பயணத்துக்கு ஏற்ற உடல்நிலை, தொற்றுநோய் இல்லை என்று தர வேண்டும். மாடுகளுக்கான படிவத்தில், புறப்படுவதற்கு முன் 12 மணி நேரத்துக்குள் பரிசோதித்தேன் என்ற வாசகம் இருக்கிறது. ஆகவே நேற்றுக் காலையில் வாங்கிய சான்று இன்று மாலைப் பயணத்துக்கு உதவாது. தேதியோடு நேரமும் எழுதி வாங்குங்கள்.

2. 96-ஆம் விதிச் சான்று. 2001-ல் சேர்த்தது. எல்லாச் சட்டங்களுக்கும் உட்பட்டே விலங்கு கொண்டுபோகப்படுகிறது, சட்டத்துக்குப் புறம்பான நோக்கம் இல்லை என்பதற்கான சான்று இது. மத்திய அரசோ இந்திய விலங்குகள் நல வாரியமோ அதிகாரம் அளித்தவர்தான் தர முடியும். இது இல்லாமல் வண்டிக்காரர் ஏற்றவே கூடாது என்கிறது விதி. மருத்துவச் சான்று வாங்கும்போதே இதற்குக் கையெழுத்துப் போடுபவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. காதுவில்லை. மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லை இருக்க வேண்டும். கோமாரித் தடுப்பூசி போட்டதற்கான பதிவும் அந்த எண்ணில்தான் ஏறுகிறது. மருத்துவச் சான்றிலும் விற்பனை ரசீதிலும் இந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் வண்டியில் நிற்பது சான்றில் உள்ள அதே மாடு என்று காட்ட முடியும்.

4. விற்பனை ரசீது. சந்தைச் சுங்கச் சீட்டு மட்டும் போதாது. விற்றவர் பெயர், ஊர், வாங்கியவர் பெயர், ஊர், மாட்டின் நிறம், வயது, ஈற்று, விலை, ‘பால் வளர்ப்புக்காக’ அல்லது ‘உழவுக்காக’ என்று நோக்கம் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். புதுச்சேரியில் 1968-ஆம் ஆண்டின் பசுவதைத் தடுப்புச் சட்டமும், தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. எல்லை தாண்டும் வண்டியில் நோக்கம் எழுத்தில் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு.

5. வண்டிக் காகிதங்கள். பதிவுச் சான்று, காப்பீடு, தகுதிச் சான்று, தேவையானால் பர்மிட், ஓட்டுநர் உரிமம். இவற்றை டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். கூட வரும் ஆள் ஓட்டுநர் அறையில் உட்காரட்டும். பின்னால் மாட்டோடு நாலு பேர் தொற்றிக்கொண்டு வந்தால், விபத்தில் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும்.

குதிரை வாங்குபவர்கள் ஆறாவதாக ஒன்று கேட்க வேண்டும்: கிளாண்டர்ஸ் பரிசோதனை முடிவு. கடும் காய்ச்சல், மூக்கில் சளி, தோலில் கட்டி கட்டியாகப் புண் என்று வரும் இந்த நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும். இதற்குத் தடுப்பூசி இல்லை. நோய் உறுதியானால் வைத்தியம் பார்க்க விடமாட்டார்கள். 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள், சுற்றுவட்டாரத்தில் குதிரை நடமாட்டத்தையும் நிறுத்துவார்கள். நோயை உறுதிசெய்யும் பரிசோதனை ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்தில் நடக்கிறது. அந்தியூருக்கு வடமாநிலங்களிலிருந்தும் குதிரைகள் வருகின்றன. சுழி பார்க்கிறோம், பல் பார்க்கிறோம். அதற்கு முன் இந்தப் பரிசோதனை முடிவைப் பாருங்கள். விற்பவர் “அதெல்லாம் ஒன்றும் இல்லை” என்று வாயால் சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வண்டியை நிறுத்தினால்

வண்டிக் காகிதத்தைக் காவல்துறையும் மோட்டார் வாகன ஆய்வாளரும் கேட்கலாம். விலங்கைப் பறிமுதல் செய்ய, வதைத் தடுப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு கான்ஸ்டபிள் நிலைக்கு மேற்பட்ட காவல் அலுவலருக்கும், மாநில அரசு அதிகாரம் அளித்தவருக்கும்தான் உரிமை தருகிறது. பறிமுதல் செய்தால் அருகிலுள்ள நீதிபதியிடமோ கால்நடை மருத்துவ அலுவலரிடமோ பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். தனியார் யாராவது வழிமறித்தால் அவர்கள் புகார் செய்யலாம். மாட்டை இறக்கவோ பணம் கேட்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை. வாக்குவாதம் வேண்டாம். வண்டிக் கதவைத் திறக்காமல் 112-ஐ அழைத்துக் காவல்துறையை வரச் சொல்லுங்கள்.

அலுவலர் நிறுத்தினால் இப்படிச் செய்யுங்கள்:

• ஓடாதீர்கள், வேகம் எடுக்காதீர்கள். ஓடியது ஒன்றே போதும், சந்தேகம் உறுதியாகிவிடும்.
• காகிதங்களின் நகலைக் கொடுங்கள். அசல் உங்களிடம் இருக்கட்டும்.
• மாடு நிற்கும் நிலை, தளத்தில் உள்ள பாய், தீவனம், தண்ணீர்ப் பாத்திரம் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஏற்றிய உடனே ஒரு படம் எடுத்திருந்தால் இன்னும் நல்லது.
• பறிமுதல் என்றால் மகஜர் நகல் கேளுங்கள். அதில் எத்தனை மாடு, காதுவில்லை எண், உடல்நிலை, கறவையா சினையா என்று எழுதச் சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனை கேளுங்கள்.
• கறவை மாடு என்றால் கறக்கும் நேரத்தையும் கன்று எங்கே இருக்கிறது என்பதையும் எழுத்தில் கொடுங்கள்.
• எந்தக் காவல் நிலைய எல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்டமங்கலத்தில் பிடித்தால் வழக்கு விழுப்புரம் மாவட்டத்தில், வில்லியனூரில் பிடித்தால் புதுச்சேரியில்.

அடுத்த நாளே வழக்கறிஞர் மூலம் இடைக்கால ஒப்படைப்பு மனு போடுங்கள். புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதற்கான பிரிவுகள் 497, 503. பணம் இல்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

இந்த மனுவில் நீதிமன்றம் எதைப் பார்க்கும்? குஜராத் வழக்கு ஒன்றில் 1998-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு அளவுகோல் சொல்லியிருக்கிறது. குற்றம் எவ்வளவு கடுமையானது, இது முதல் வழக்கா, பிடித்தபோது விலங்கு எந்த நிலையில் இருந்தது, திரும்பக் கொடுத்தால் மறுபடி வதைக்கப்படுமா என்பவை அவை. முதல் முறை வழக்கைச் சந்திக்கும் உரிமையாளருக்கு விலங்கைக் கேட்க நல்ல உரிமை உண்டு என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நன்றாக நின்று, தண்ணீர் குடித்து, காயம் இல்லாமல் இருக்கும் மாடு உங்களுக்குச் சாட்சி. மூச்சுத்திணறிக் கிடக்கும் மாடு எதிர்த்தரப்புச் சாட்சி.

நடத்தி ஓட்டிச் சென்றால் தொல்லை இல்லையா?

“வண்டியே வேண்டாம், நடத்தியே ஓட்டிவிடுகிறேன்” என்பவர்களுக்கும் விதி உண்டு. ஊர் எல்லையிலிருந்து 5 கிலோமீட்டரும் அதற்கு மேலும் நடத்தினால் 2001 விதிகள் பொருந்தும். அரியூரிலிருந்து மதகடிப்பட்டு அந்தத் தூரத்தைத் தாண்டும். மருத்துவச் சான்று இதற்கும் வேண்டும். மாடு என்றால் நாளுக்கு 30 கிலோமீட்டர், எருமை 25, கன்று 16, குதிரை 45, ஆடு 30. இரண்டு மணிக்கு ஒருமுறை தண்ணீர், நான்கு மணிக்கு ஒருமுறை தீனி. சூரியன் உதிக்கும் முன்னும் மறைந்த பின்னும் நடத்தக் கூடாது. வெப்பநிலை 12 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

கடைசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மாட்டுச்சந்தையில் வியாபாரம் விடியலிலேயே சூடுபிடித்துவிடும். அதற்குள் போய்ச் சேர வேண்டுமானால் இருட்டில் கிளம்ப வேண்டும், அது விதிமீறல். வெளுத்த பிறகு கிளம்பினால் பங்குனி, சித்திரையில் காலை ஒன்பது மணிக்கே 30 டிகிரி தாண்டிவிடும், அதுவும் விதிமீறல். விதி எழுதியவர்களின் நோக்கம் நல்லதுதான். வெயிலில் மாட்டை அடித்து ஓட்டும் கொடுமையைத் தடுக்க நினைத்தார்கள். ஆனால் கடலோர வெயில் ஊருக்கு அந்த அளவு பொருந்தவில்லை. அதனால் நேர்மையாக நடப்பவரும் விதியை மீறியவராகிவிடுகிறார்.

அரசு செய்ய வேண்டியது

விதிகள் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு லாரியில் இருபது மாட்டை நெருக்கி, கொம்பு கண்ணில் குத்த, பாதி வழியில் செத்து விழும்படி கொண்டுபோவதை நம்மில் யாரும் ஏற்கமாட்டோம். வெளியூரிலிருந்து வரும் நோயுற்ற ஒரு மாடு நம் தொழுவத்துக்குக் கோமாரியையும் தோல் கழலையையும் கொண்டுவரும். ஆகவே சோதனையும் வேண்டும். ஆனால் விதியைப் பின்பற்ற வழி இருக்க வேண்டும். இப்போது சந்தையில் காலையில் மாடு வாங்குபவர் 12 மணி நேரத்துக்குள் சான்று வாங்க எங்கே போவார்?

மூன்று ஏற்பாடுகள் போதும். சந்தை நாளில் மதகடிப்பட்டிலேயே ஒரு கால்நடை மருத்துவரை அமர்த்தி, மருத்துவச் சான்றும் 96-ஆம் விதிச் சான்றும் அங்கேயே கிடைக்கச் செய்யலாம். குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, ஆளுக்குப் பஞ்சம் வர வேண்டியதில்லை. சந்தையில் மாடு ஏற இறங்கச் சாய்தளம் கட்டலாம். இரண்டு மாநிலத்துக் கால்நடைத் துறையும் காவல்துறையும் பேசி, காதுவில்லை எண் உள்ள சான்றை இரு பக்கமும் ஏற்கும்படி செய்யலாம். அடுத்து நடக்கும் கிராம சபையிலோ, பால் சங்கக் கூட்டத்திலோ, உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமோ இந்த மூன்றையும் மனுவாகக் கொடுங்கள்.

அதுவரை, அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு முன் உங்களால் செய்ய முடிந்தவை நான்கு. மாட்டுக்குக் காதுவில்லை இல்லையென்றால் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாக அழைக்கும் வண்டியின் தளத்தை அளந்து, எத்தனை மாடு என்று எழுதி வையுங்கள். ஒரு தென்னைநார்ப் பாயும் சிவப்பு எழுத்து அட்டையும் தயாராக வையுங்கள். மாட்டை ஏற்றும் முன் மருத்துவரைப் பார்த்து நேரம் குறித்த சான்று வாங்குங்கள். இவ்வளவுக்கும் ஆகும் செலவு, மாடு கோசாலையில் நின்றால் ஆகும் நஷ்டத்தைவிடக் குறைவு.